உள்ளூர் நண்பரோடு சுவான்சோ: சிங்கப்பூரிலிருந்து போகிறவர்களுக்கு

சிங்கப்பூரில் ஹொக்கியன் குடும்பங்களிடம் பூர்வீகம் எது என்று கேட்டால் ஆன்ஷி, நானான் என்று ஊர்ப் பெயர்கள் வரும். இரண்டும் சீனாவின் பூஜியன் மாநிலத்துச் சுவான்சோவைச் சேர்ந்தவை. தமிழருக்கும் அது முற்றிலும் அந்நியமான ஊர் அல்ல. 1281இல் சம்பந்தப் பெருமாள் என்பவர் அங்கே சிவனை எழுந்தருளச் செய்ததைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு அந்த ஊரில்தான் கிடைத்தது. கூடவே சீன எழுத்தும் அதில் இருக்கிறது. உங்களோடு படித்தவரோ வேலை பார்த்தவரோ சுவான்சோவில் இருந்து, "வா, ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன்" என்று கூப்பிட்டால், மூன்று முழு நாள்களாவது ஒதுக்கிப் போங்கள்.

ஒன்று மட்டும் முதலிலேயே. பணம் கட்டும் செயலி, டிக்கெட், இணையம், டாக்சி ஆகியவற்றை நீங்களே சிங்கப்பூரில் இருக்கும்போது முடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் விடுப்பு எடுத்து வந்த நண்பர் முதல் நாள் முழுக்க உங்கள் கைத்தொலைபேசியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். எந்தக் கடையில் எத்தனை மணிக்குச் சூடாக இறக்குவார்கள், எந்தக் கோயிலில் பின்பக்கமாகப் போக வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மட்டுமே தெரிந்தவை. அவருடைய நேரம் அதற்குத்தான்.

ஊர்ப் பெயரில் ஒரு வழுக்கல் உண்டு. சுவான்சோ வேறு, குவாங்சோ வேறு. குவாங்சோ என்பது கான்டன் என்று முன்பு அழைக்கப்பட்ட பெருநகரம், பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆங்கில எழுத்தில் இரண்டும் பார்வைக்கு நெருக்கமாக இருப்பதால் விமானச் சீட்டு மாறிப்போவது உண்டு. பணம் கட்டுமுன் பக்கத்தைப் படம் பிடித்து நண்பருக்கு அனுப்பி ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

புறப்படுமுன்

சாதாரணச் சிங்கப்பூர்க் கடப்பிதழ் வைத்திருப்பவருக்கு 2024 பிப்ரவரி 9 முதல் 30 நாள் வரை விசா வேண்டாம். இந்தியக் கடப்பிதழோடு இருக்கும் நிரந்தரவாசிகளுக்கும் வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கும் இந்தச் சலுகை இல்லை. ஒரே குடும்பத்தில் கணவனுக்கு வேண்டாம், மனைவிக்கு வேண்டும் என்ற நிலை நம்மவர்களிடம் சாதாரணம். அப்படியானால் சீன விசா விண்ணப்ப நிலையத்துக்கு முன்கூட்டியே போங்கள். நண்பர் எழுதிய அழைப்புக் கடிதமும் அவருடைய அடையாள அட்டையின் நகலும் அங்கே உதவும்.

அடுத்தது அலிபே என்ற பணம் கட்டும் செயலி. வீசா, மாஸ்டர்கார்டு அட்டைகளை அதில் இணைக்கலாம். 200 யுவான் வரையிலான ஒவ்வொரு கட்டணத்துக்கும் கூடுதல் கட்டணம் இல்லை. அதைத் தாண்டினால் 3 விழுக்காடு பிடிப்பார்கள். ஒரு வெள்ளிக்கு ஐந்து யுவானுக்கும் சற்று அதிகமாகக் கிடைக்கும் என்பதால் சாப்பாட்டுக்கும் டாக்சிக்கும் அந்த எல்லை பெரும்பாலும் போதும். விடுதி வாடகைதான் தாண்டும்.

அடையாளச் சரிபார்ப்பில் நம் பெயர்தான் முரண்டு பிடிக்கும். "எஸ்/ஓ", "டி/ஓ" என்பதில் உள்ள சாய்கோட்டைப் பல படிவங்கள் ஏற்காது. குடும்பப் பெயர் எங்கே என்று வேறு கேட்கும். கடப்பிதழின் படப் பக்கத்தில் அடியில் இயந்திரம் படிப்பதற்காக இரண்டு வரிகள் இருக்கும். அதில் உங்கள் பெயர் எந்த வரிசையில், எந்த எழுத்துகளோடு இருக்கிறதோ அதே மாதிரி, கோடு இல்லாமல் இடைவெளி விட்டுப் போடுங்கள். அலிபே, ரயில் டிக்கெட், விடுதி மூன்றிலும் ஒரே மாதிரி இருக்கட்டும். ஒன்றில் அப்பா பெயரோடும் மற்றொன்றில் அது இல்லாமலும் போட்டால், ரயில் நிலைய வாசலில் நின்று விளக்கம் சொல்ல வேண்டி வரும்.

வீசாட் என்ற செய்திச் செயலியில் கணக்கைப் பயணத்துக்குச் சில வாரங்கள் முன்பே தொடங்குங்கள். புதுக் கணக்கைத் திறக்கும்போது ஏற்கெனவே பயன்படுத்துகிற ஒருவர் ஒரு குறியீட்டை வருடி உறுதிசெய்ய வேண்டியிருக்கலாம். அதை நண்பர் தொலைவிலிருந்தே செய்துவிடுவார். ஊரில் போய் இறங்கியபின் தொடங்கினால், அவரைக் கண்டுபிடிக்கவே வீசாட் வேண்டும் என்ற சிக்கலில் மாட்டுவீர்கள்.

வாட்ஸ்அப், கூகல், ஃபேஸ்புக் எதுவும் சீன இணையத்தில் திறக்காது. சிங்கப்பூர் எண்ணின் ரோமிங்கில் திறக்கும், ஏனென்றால் அதன் தரவு நம் நிறுவனத்தின் வழியாகவே போய்வருகிறது. விடுதியின் வைஃபையில் இணைந்த மறுகணமே அவை நின்றுவிடும். "நேற்று வேலை செய்தது, இன்று செய்யவில்லை" என்று குழம்புபவர்கள் பெரும்பாலும் அறைக்குள் வந்ததும் வைஃபையைப் போட்டவர்கள்தான். சிங்கப்பூர் எண்ணை அணைத்து வைக்கவும் கூடாது. வங்கியின் ஓடிபி அதற்குத்தான் வரும்.

வரைபடத்துக்குக் கூகலை மறந்துவிடுங்கள். இடங்களைக் குறிக்கச் சீனா வேறொரு ஆயக் கணக்கைப் பயன்படுத்துவதால் கூகல் காட்டும் புள்ளி சில நூறு மீட்டர் தள்ளிப் போகும். சந்துகள் நிறைந்த பழைய நகரில் அது வேறு தெரு. அமேப் செயலியில் ஆங்கிலம் உண்டு. போக வேண்டிய இடங்களை நண்பர் வீசாட்டில் புள்ளியாக அனுப்பட்டும், அதைத் தொட்டால் வழி வரும். டாக்சிக்கு அலிபேக்குள்ளேயே டிடி இருக்கிறது. ஏறியதும் ஓட்டுநர் "வெய்ஹாவ்" என்று ஏதோ கேட்டால், உங்கள் தொலைபேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைக் கேட்கிறார் என்று பொருள்.

போய்ச் சேருவது

சாங்கியிலிருந்து சியாமெனுக்கு நேரடி விமானம் சுமார் நாலரை மணி நேரம். அங்கிருந்து டாக்சியில் சியாமென் வடக்கு நிலையம், பிறகு அதிவேக ரயிலில் அரை மணி நேரப் பயணம். டிக்கெட்டை 12306 என்ற அதிகாரபூர்வச் செயலியில் 15 நாள் முன்பிருந்து எடுக்கலாம். கவனிக்க வேண்டியது இறங்கும் நிலையம். சுவான்சோ, சுவான்சோ கிழக்கு, சுவான்சோ தெற்கு என்று மூன்று இருக்கின்றன. கிழக்கும் தெற்கும் 2023 செப்டம்பரில் திறந்த புதிய பாதையில் வருபவை. தெற்கு நிலையம் ஜின்ஜியாங் பக்கம். நண்பர் எங்கே காத்திருக்கிறார் என்று கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

நண்பர் வீட்டில் தங்கினால்

விடுதி என்றால் கடப்பிதழை வாங்கிப் பதிவை அவர்களே செய்துவிடுவார்கள். பழைய வீட்டை மாற்றியமைத்த சிறிய தங்குமிடங்களில் சிலருக்கு வெளிநாட்டுக் கடப்பிதழைப் பதியும் முறை தெரியாது. பணம் கட்டுமுன் நண்பர் தொலைபேசியில் அதை மட்டும் கேட்டுவிடட்டும்.

வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அந்த வட்டாரக் காவல் நிலையத்தில் பதிய வேண்டும். அது சட்டம். தவறினால் எச்சரிக்கையோடு 2,000 யுவான் வரை அபராதமும் வரலாம். நண்பர் தம் அடையாள அட்டையையும் வீட்டுப் பத்திரம் அல்லது வாடகை ஒப்பந்தத்தையும் எடுத்துக்கொண்டு கூட வர வேண்டும். "யார் கேட்கப்போகிறார்கள்" என்று அவர் சிரித்தாலும் விடாதீர்கள். வெளியே போகும்போது நகலை அல்ல, அசல் கடப்பிதழையே வைத்திருங்கள்.

அவருடைய பெற்றோரை "ஷூஷூ", "ஆயி" என்று கூப்பிடலாம், நாம் அங்கிள், ஆன்டி என்பது போல. அன்பளிப்பாகப் பக் குவா என்ற உலர் இறைச்சி வேண்டாம். இறைச்சிப் பொருள்களைச் சீனாவுக்குள் கொண்டுபோகத் தடை உண்டு. பழமும் அப்படியே. தேக்கா முறுக்கு, கோப்பித்தூள், தைலம் ஆகியவை பிரச்சினை இல்லாமல் போய்ச் சேரும். கடிகாரம் கொடுக்காதீர்கள், நான்கு நான்காகவும் கொடுக்காதீர்கள், இரண்டும் அங்கே அபசகுனம். இரண்டு கையாலும் நீட்டுங்கள்.

காய்யுவான் கோயிலில் வழிகாட்டி நீங்கள்

நண்பர் எவ்வளவு விஷயம் தெரிந்தவராக இருந்தாலும் இங்கே மட்டும் பாத்திரம் மாறும். 686இல் நிறுவப்பட்ட இந்தப் பௌத்தக் கோயிலில் எல்லோரும் முதலில் ஓடுவது கிழக்கும் மேற்குமாக நிற்கும் இரண்டு கல் கோபுரங்களைப் படமெடுக்க. இரண்டும் 13ஆம் நூற்றாண்டுச் சோங் அரசமரபுக் காலத்தவை, 40 மீட்டருக்கு மேல் உயரம். அவை எங்கும் போய்விடாது. காலையில் கூட்டம் சேருமுன் நேராகப் பெரிய மண்டபத்துக்குப் போங்கள்.

மண்டபத்தின் முன்மேடை அடிப்பாகத்தில், இடுப்புக்குக் கீழே, எழுபதுக்கும் மேற்பட்ட கற்பலகைகளில் மனித முகச் சிங்கங்கள். கூட்டம் மேடையின் மேலே நிற்கும், நீங்கள் கீழே குனியுங்கள். பிறகு மண்டபத்தைச் சுற்றிப் பின்புறம் போனால் இரண்டு கருங்கல் தூண்கள், ஒவ்வொன்றும் பதினாறு பட்டை. இடிந்துபோன சிவன் கோயிலிலிருந்து கொண்டுவந்து இங்கே நட்டவை. வட்டங்களுக்குள் சிறுசிறு உருவங்கள். உரலில் கட்டப்பட்ட கண்ணன் இரண்டு மரங்களுக்கு நடுவே இழுத்துக்கொண்டு போகிறான், இரணியனை மடியில் கிடத்திய நரசிம்மம், முதலை பிடித்த யானைக்கு அருள வரும் திருமால், ஆயர்மகளிர் ஆடையைக் கவர்ந்த கண்ணன். உள்ளூர்க்காரர் பலருக்கு இவை வெறும் வெளிநாட்டுச் சித்திரங்கள். கதையை ஒவ்வொன்றாகச் சொல்ல அரை மணி நேரம் ஒதுக்குங்கள். மொழிபெயர்ப்புச் செயலி "உரல்" என்ற சொல்லில் தடுமாறும்; மாவு இடிப்பது போலக் கையால் காட்டினால் புரிந்துவிடும். வட்டங்கள் சிறியவை என்பதால் படத்துக்குப் பெரிதாக்கும் வசதி வேண்டும், ஃபிளாஷ் ஒளி வேண்டாம். தொடாதீர்கள்.

மண்டபத்துக்குள் தலையை நிமிர்த்தினால் உத்தரத்தைத் தாங்கும் இறக்கை முளைத்த பெண் உருவங்கள், மொத்தம் 24. கோயில் வளாகத்திலேயே 1974இல் ஹோசூ துறைமுகச் சேற்றிலிருந்து எடுத்த சோங் காலக் கப்பலும் இருக்கிறது. அதில் கிடைத்த சரக்குகளில் மிளகும் நறுமண மரக்கட்டைகளும் பாக்கும் இருந்தன. தென்கடலிலிருந்து திரும்பி வந்த கப்பல்.

கடல்சார் வரலாற்று அருங்காட்சியகம் தனி இடம், திங்கள்கிழமை மூடியிருக்கும். வார இறுதியில் போய்த் திங்கள் வரை தங்குபவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள். அங்கே இந்துச் சிற்பங்களுக்கென்று ஒரு பகுதி உண்டு. லிங்கத்துக்கு யானை பூச்சொரியும் பலகையைத் தேடுங்கள். திருவானைக்கா கதை தெரிந்தவருக்குப் பலகைக்கு முன்னால் சற்று நேரம் பேச்சு வராது.

நகருக்கு வெளியே சேடியன் என்ற கிராமத்துச் சிறு கோயிலில் ஊரார் குவான்யின் என்ற கருணைத் தெய்வமாக வணங்கும் ஒரு சிலை இந்தியத் தேவி உருவம் என்பார்கள். அங்கே தனியாகப் போவதில் பயனில்லை. பூட்டியிருந்தால் யாரிடம் சாவி என்று ஹொக்கியனில் விசாரிக்க ஆள் வேண்டும். நண்பர் இருப்பதன் முழுப் பயன் இத்தகைய இடங்களில்தான் தெரியும்.

தூமென் தெரு

புறப்படுவதற்கு முந்திய வாரம் டெலோக் ஆயர் தெருவில் தியான் ஹாக் கெங்கிலிருந்து நாகூர் தர்கா வரை ஒரு நடை நடந்துவிட்டுப் போங்கள். சுவான்சோவின் தூமென் தெரு அதே சாயல். 1009இல் எழுந்த சிங்ஜிங் பள்ளிவாசல், சில அடிகளில் போர்த்தெய்வம் குவான்தியின் கோயில், அதே பக்கத்தில் கன்பூசியஸ் கோயிலான பூவென்மியாவ். பள்ளிவாசலின் தொழுகைக் கூடத்துக்குக் கூரை இல்லை, சுவர்கள் மட்டும் நிற்கின்றன. தோளும் முழங்காலும் மறைய உடுத்திப் போங்கள்.

குவான்தி கோயிலில் சந்திரக் கணக்கின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் உள்ளே நுழைய முடியாத கூட்டம். மற்ற நாளில் போய், பிறைவடிவக் கட்டைகளைப் போட்டுக் குறி கேட்பதை ஓரமாக நின்று பாருங்கள். படிகளை மறித்து நிற்காதீர்கள். பூவென்மியாவ் பக்கத்தில் மாலையில் நான்யின் இசை கேட்கலாம். 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அன்றைக்கு உண்டா, எத்தனை மணிக்கு என்பதை நண்பர் கேட்டுச் சொல்வார். தெற்கே தியான்ஹோ கோயில், 1196ஆம் ஆண்டினது. தியான் ஹாக் கெங்கில் இருக்கும் அதே கடல் தெய்வம் மாசூ.

காய்யுவான் கோயில் இருக்கும் மேற்குத் தெருவில் சனிக்கிழமை இரவு நகர முடியாது. காலை ஏழு மணிக்கு அதே தெரு வேறு ஊர். மே முதல் தேதி விடுமுறையிலும் அக்டோபர் முதல் வாரத்திலும் இந்த ஊர்ப் பக்கமே போக வேண்டாம். ஜூலை முதல் செப்டம்பர் வரை சூறாவளிக் காலம். நவம்பரும் மார்ச்சும் நடப்பதற்கு இதமானவை.

சாப்பாடு

"சியாக் பா பூவே", அதாவது சாப்பிட்டாயா, என்று கோப்பிக் கடையில் காதில் விழுந்திருக்கும். சுவான்சோவில் அதைச் சொன்னால் கிழவிகள் முகம் மலரும். காலை உணவு மியென்ஷியன்ஹூ: நூல் போன்ற மெல்லிய சேமியாவைக் குழைய வேகவைத்த கஞ்சி, மேலே போடுவதை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். பாப்பியா, சிப்பி முட்டை அடை எல்லாம் நமக்குத் தெரிந்த முகங்கள்தான். துசுன்தோங் என்பது கடற்கரை மணலில் கிடைக்கும் புழுவைக் கொதிக்கவைத்து உறையவிட்ட களி. சாப்பிட்டபின் சொல்கிறேன் என்று நண்பர் சிரித்தால் அதுவாகத்தான் இருக்கும்.

மாட்டிறைச்சிச் சாறு இந்த ஊரின் பெருமை. வேண்டாதவர் "நியூரோ" என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சைவர்களுக்கு "வோ ச்சி சூ" (நான் சைவம்) என்பது மட்டும் போதாது. இறைச்சித் துண்டு இல்லாவிட்டால் சைவம் என்று கடைக்காரர் நினைப்பார். அதே கீரை பன்றிக் கொழுப்பில் வதங்கியிருக்கும், சாறு எலும்பில் கொதித்திருக்கும். எனவே ஓர் அட்டையில் நண்பரைச் சீனத்தில் எழுதச் சொல்லுங்கள்: பன்றிக் கொழுப்பு, எலும்புச் சாறு, சிப்பிச் சாறு, மீன் சாறு, உலர்ந்த இறால் வேண்டாம். முட்டை சாப்பிடுவீர்களா என்பதையும் ஒரு வரி சேர்க்கட்டும். அவர் பக்கத்தில் இல்லாத நேரத்தில் அந்த அட்டைதான் உங்களுக்காகப் பேசும். ஹலாலுக்கு "சிங்ஜென்" என்று கேளுங்கள். லான்சோ நூடல்ஸ் கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும்.

வீட்டில் முதலில் வருவது தேநீர், ஆன்ஷியில் விளையும் தியெகுவான்யின். விரல் அளவுக் கிண்ணம், காலியானால் உடனே நிரம்பும். போதுமென்றால் நிறைந்த கிண்ணத்தைத் தொடாமல் விடுங்கள். இங்கே தேநீருக்குப் பெயர் "தே". நம் தே ஓவின் தே இந்தக் கரையிலிருந்து வந்ததுதான்.

பணம் யார் கொடுப்பது

எல்லாவற்றுக்கும் தாமே கொடுக்க நண்பர் முந்துவார். வெளிநாட்டு அட்டை இணைத்த கணக்கிலிருந்து கடைக்குத்தான் கட்ட முடியும், ஆளுக்கு அனுப்ப முடியாது. எனவே "பிறகு அனுப்பிவிடுகிறேன்" என்பது நடக்காத பேச்சு. முதல் நாளே பிரித்துப் பேசிவிடுங்கள்: சாப்பாடு என்னுடையது, டாக்சி உங்களுடையது. பல கடைகளில் மேசையில் ஒட்டியிருக்கும் குறியீட்டை வருடுபவரே உணவைச் சொல்லி அப்போதே பணமும் கட்டுகிறார். உட்கார்ந்தவுடன் உங்கள் கை முந்தட்டும். ஐந்நூறு யுவான் அளவுக்குச் சில்லறை நோட்டுகளாகவும் இருக்கட்டும், தொலைபேசி உயிரை விட்ட நேரத்துக்கு. சட்டைப் பையில் ஒரு பொட்டலம் மெல்லிழைத்தாளும். பொதுக் கழிப்பறைகளில் அது இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

ஊருக்கு வெளியே ஒரு நாள்

லுவோயாங் பாலம் 1053 முதல் 1059 வரை கட்டப்பட்டது. தூண்களின் அடிக்கற்கள் அலையில் நழுவாமல் இருக்க அவற்றின்மேல் சிப்பிகளை வளர்த்துப் பிணைத்தார்கள். கடல்நீர் இறங்கியிருக்கும் வற்றத்தில் போனால்தான் படகு முனை போன்ற தூண்களின் அடி தெரியும். ஏற்றத்தில் வெறும் தண்ணீர். அன்றைய வற்று நேரத்தை முன்தினமே பார்த்துவிட்டு டாக்சி பிடியுங்கள். சிங்யுவான் மலையில் ஒரே பாறையில் செதுக்கிய தாவோயிச ஞானி லாவோசியின் உருவம் ஐந்தரை மீட்டருக்கும் மேல் உயரம். ஷுன்பூ மீனவக் கிராமத்தில் சிப்பி ஓடு பதித்த வீட்டுச் சுவர்களுக்காகப் போகலாம். தலையில் பூவளையம் சூடிப் படமெடுக்கும் கடைகளுக்கு நடுவே அந்தச் சுவர்களைத் தேட வேண்டியிருக்கிறது, பின்சந்துகளுக்குள் நுழைந்துவிடுங்கள். கொண்டையில் பூ வைப்பது நமக்கு ஒன்றும் புதிதல்லவே.

திரும்பும் நாள்

ரயில் புறப்படச் சில நிமிடங்கள் முன்பே வாசல் மூடிவிடும். கடப்பிதழைத் தானியங்கி வாசல் படிக்காவிட்டால் ஊழியர் நிற்கும் வரிசைக்குப் போக வேண்டும். அதையும் பைச் சோதனையையும் சேர்த்து முக்கால் மணி நேரம் முன்னதாக நிலையத்தில் இருங்கள். டிக்கெட் இல்லாதவர் உள்ளே வர முடியாது என்பதால் நண்பர் நடைமேடை வரை வரமாட்டார். வெளிவாசலிலேயே பேசிக்கொண்டு நிற்கப் பத்து நிமிடம் கூட்டிக் கணக்குப் போடுங்கள்.